தவழ வெளிக்கிட்ட பாலன்

அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில் செலீன் கட்டும் பாலன் குடிலுக்குத் தனி மவுசு. நத்தாருக்கு முந்திய ஞாயிறு பங்கின் கரோல் கோஷ்டி வீடு வீடாகப் பாடிப் போகும். எந்த வீட்டுக் குடில் சிறப்போ அங்கே கடைசியாகப் போய் இருந்து சாப்பிடும். பல வருடமாக அந்தக் கடைசி வீடு செலீனுடையது. மற்ற நாளெல்லாம் கார்டெரி என்ற பிள்ளைக் காப்பகத்தில் ஊரார் பிள்ளைகளின் மூக்குத் துடைப்பவளுக்கு அந்த ஒரு மாலைதான் மகாராணிப் பட்டம்.

இந்த முறை அதைப் பிரியந்தி தட்டிக்கொண்டு போனாள். புருஷனின் தங்கை, கர்க்லாண்டில் பெரிய வீடு. கோடையில் யாரோ வீட்டுக் கராஜ் சேலில் ஐம்பதுகளின் தகர ரயில் ஒன்று அகப்பட்டதாம். சாவி கொடுத்தால் குடிலைச் சுற்றி ஓடுமாம். "சும்மா ஒரு விளையாட்டுச் சாமான்தானே மச்சாள்" என்று அவள் மூக்கால் இழுத்ததைச் செலீன் கோப்பை கழுவும்போதெல்லாம் சொல்லிக் காட்டுவாள். இழுவை அச்சொட்டு. புருஷன் சிரிப்பான், அவளுக்கு வயிறு எரியும். பெத்லகேமில் எங்கே ரயில் ஓடியது என்று கேட்டும் பார்த்தாள். யார் கேட்டது? பங்குப் பிள்ளைகள் எல்லாரும் ரயிலின் வீடியோவைப் பார்த்தாயிற்று.

கடைசியில் கோயில் நிலவறையில் நடந்த பழைய சாமான் விற்பனையில் அவளுக்கும் ஒன்று கிடைத்தது. அதே காலத்துக் குழந்தைப் பொம்மை. முதுகுச் சாவியை முறுக்கினால் கைகாலை வீசித் தவழும். நத்தார்த் திருப்பலி வரைக்கும் தீவனத் தொட்டி வெறுமையாக இருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் வெள்ளைத் துணி சுற்றி உள்ளே கிடத்தினாள்.

கோஷ்டி வழியில் அவள் வீட்டுக்கும் வந்து பாடியது. பாட்டு முடிய முறுக்கி விட்டாள். பாலன் வைக்கோலைக் கிளப்பிக்கொண்டு வந்தார், ஓர் இடையனை இடித்தார், ஒட்டகத்தைக் கவிழ்த்தார். பிள்ளைகள் நிலத்தில் குந்திவிட்டார்கள். கோஷ்டித் தலைவர் பத்திநாதர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"பிள்ளை, ஆள் இன்னும் பிறக்கேல்லை. அதுக்குள்ள தவழ வெளிக்கிட்டிட்டாரோ?"

வீடே சிரித்தது. செலீனுக்கு முகம் சுட்டது, ஆனால் உள்ளுக்குள் குளிர்ந்தது: ஒரு பிள்ளையும் ஜாக்கெட் போடுவதாக இல்லை. பிரியந்தி இரண்டு தரம் போன் எடுத்து ரோல்ஸ் ஆறுகிறது என்றாள். இங்கேயே சாப்பிடலாமே என்று பத்திநாதர் வாயெடுக்கும் நேரம் பார்த்து, கோஷ்டியிலேயே சின்னவள் வினோஜா எழும்பினாள்.

"இவரை அந்த ரயில்ல ஏத்திப் பாப்பமா?"

அவ்வளவுதான், எல்லாம் சப்பாத்துத் தேடி ஓடின.

"நல்ல யோசினை. தாங்கோ பிள்ளை, பேந்து கொண்டு வந்து தாறன்," என்று பத்திநாதர் கையை நீட்டினார்.

தன் பாலன் பிரியந்தியின் ரயிலில் ஏறி ஊர்வலம் வருவது செலீனுக்குக் கண்முன் தெரிந்தது. "முறுக்கித் தாறன் அண்ணை" என்றாள். முறுக்கினாள். சாவி இறுகிய பிறகும் முறுக்கினாள். பொம்மையின் வயிற்றுக்குள் டக்கென்று ஏதோ அறுந்தது.

"விசை போயிட்டுது அண்ணை. பழசுதானே."

பிள்ளைகள் ஒரு கணம் நின்றார்கள். பிறகு ரயில் நினைவு வந்து படியில் தடதடவென்று இறங்கினார்கள். வீடு ஓய்ந்தது. புருஷன் பொம்மையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். தங்கை வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது என்று கோட்டை எடுத்தான்.

"நான் வரேல்லை. நீங்கள் போங்கோ," என்றாள் செலீன், ஒட்டகத்தை நிமிர்த்தியபடி. "அந்த ரயில் இடையில நிண்டு நிண்டு ஓடுதோ எண்டு மட்டும் பாத்து வந்து சொல்லுங்கோ."