வெட்டிய வால்

ஆக்லாந்தின் பென்ரோஸில் நான் வேலை செய்யும் கிடங்கில் என்னை யாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். இலங்கையிலிருந்து அகதியாக வந்தபோது படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு ஏது அப்படி ஒன்று? அப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அன்று பிடித்தது இந்தத் தொல்லை. அவர் கண்ணை மூடி எத்தனையோ வருடமாகிவிட்டது. இன்றும் ஒலிபெருக்கியில் நாளுக்குப் பத்துத் தடவை அவரை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். திருத்திச் சொல்லிச் சொல்லி அலுத்து, விட்டுவிட்டேன்.

என் வேலை வருகைப் பதிவும் ரோஸ்டர் என்கிற வேலை அட்டவணையும். புதிதாகச் சேர்பவர்களின் பெயரைக் கணினியில் ஏற்றுவதும் நான்தான். ஏழு வருடத்துக்கு முன் பொதி கட்டும் பகுதிக்கு ஒரு தாய்லாந்துப் பெண் வந்து சேர்ந்தார். கடவுச்சீட்டில் அவர் பெயர் ரயில் மாதிரி நீண்டு, கடைசியில் 'ந அயுத்தயா' என்று முடிந்தது. இது என்ன என்று கேட்டேன். 'அயுத்தயாவைச் சேர்ந்த' என்று அர்த்தம், அது எங்கள் பழைய தலைநகர் என்றார்.

ஊர்தானே என்று நினைத்தேன். எங்கள் ஆட்களுக்கு ஊர் வருவது மரண அறிவித்தலில். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் ஆக்லாந்தை வதிவிடமாகவும் கொண்ட என்று அப்போதுதான் எழுதுவார்கள். உயிரோடு இருக்கிற மனிசிக்குச் சம்பளச் சீட்டில் ஊர் எதற்கு? வாலை வெட்டிவிட்டு மிச்சத்தை ஏற்றினேன். அவர் திரையைப் பார்த்தார், சிரித்தார், பொதி கட்டப் போய்விட்டார்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை, தேநீர் இடைவேளையில், கையில் ஒரு கடிதத்தோடு என் மேசைக்கு வந்தார். நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார். நான் ஏற்றிய பெயரோடு அச்சான வேலை ஒப்பந்தத்தில் உள்ள ஆளும் கடவுச்சீட்டில் உள்ள ஆளும் ஒருவர்தானா என்று குடிவரவு அலுவலகம் கேட்டிருந்தது. பத்து நாளுக்குள் வேலை கொடுத்தவர் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். இல்லாவிட்டால் விண்ணப்பம் போய்விடும். வேலை விசாவும் முடியப்போகிறது. அவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன்.

அன்றுதான் அந்த வாலைப் பற்றி முழுதாகச் சொன்னார். அது ஊர் விலாசம் இல்லை. அரச வம்சத்தில் தலைமுறைக்குத் தலைமுறை பட்டம் ஒரு படி இறங்குமாம். ஒரு கட்டத்தில் பட்டமே இல்லாமல் போய்விடும். அதற்குப் பிறகு பிறக்கும் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயரின் பின்னால் இது மட்டும் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தலைநகரும் எப்போதோ எரிந்துபோனதுதான். ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறவர்கள் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு 'திருமதி அயுத்தயா' என்கிறார்களாம். அவர் நாட்டிலோ பெரிய மந்திரியையும் சொந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம்.

"அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள் அன்று மிகவும் களைத்திருந்தீர்கள்" என்றார்.

அதற்குப் பதிலாக ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மேலாளர் கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட இருபது வயது இளையவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "விடுங்கண்ணா, சிஸ்டம் எரர்னு ஒரு வரி போட்டு அனுப்பிடலாம். யாரு பண்ணாங்கன்னு எதுக்கு எழுதணும்? ஹெட் ஆபீஸ் பார்த்தா உங்களுக்குத்தான் வம்பு" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அறுபதை நெருங்கும் வயதில் வேறு எங்கே போய் வேலை தேடுவது? வீட்டு மோர்ட்கேஜ் கடன் இன்னும் முடியவில்லை. மனைவியிடம் சொன்னேன். அவள் சட்டியைக் கழுவியபடியே, "அந்த மனிசி சிஸ்டத்திட்டயா பேர் குடுத்தவ? உங்களிட்டத்தானே குடுத்தவ?" என்றாள்.

மறுநாள் மேலாளரிடம் போனேன். "இல்லைத் தம்பி, நான்தான் வெட்டினது எண்டு எழுதுறன். சிஸ்டத்தில பழியைப் போட்டா அவங்கள் இன்னும் நாலு கேள்வி கேப்பாங்கள்" என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "ஆமா, அதுவும் சரிதான். எழுதுங்க, நானும் கீழ சைன் பண்றேன்" என்றார்.

கடிதம் அரைப் பக்கம்தான். இரண்டும் ஒரே ஆள், பெயரின் கடைசிப் பகுதியை விளங்காமல் நீக்கியது நான், வருந்துகிறேன். கீழே கையெழுத்து வைத்தபோது அப்பாவின் பெயர் என்னைப் பார்த்தது. அவர் பஸ் டிப்போவில் நேரம் குறிப்பவராக இருந்தவர். வாழ்நாளில் ஒருவரிடமும், அம்மாவிடம்கூட, பிழை விட்டேன் என்று சொன்னதில்லை. கடைசியில் அவர் பெயரில்தான் மன்னிப்புக் கடிதம் போனது.

பிரதியைக் கொடுத்தபோது, இதில் எது உங்கள் சொந்தப் பெயர் என்று அந்தப் பெண் கேட்டார். முதலாவதைத் தொட்டுக் காட்டினேன். மெதுவாக வாசித்துப் பார்த்தார். ஹெட் ஆபீஸிலிருந்து எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மடித்து மேசை லாச்சியில் வைத்தேன். அந்தப் பெண்ணுக்குக் குடிவரவு அலுவலகத்திலிருந்து வாரக் கணக்கில் பதிலே இல்லை. தினமும் காலையில் வருகை அட்டையைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்து, இல்லை என்று தலையசைப்பார். அந்தத் தலையசைப்போடுதான் என் நாள் தொடங்கியது.

ஒரு மத்தியானம் ரோஸ்டரில் தலையைக் கவிழ்த்திருந்தேன். பின்னால் யாரோ கூப்பிடுவது கேட்டது. தாய்லாந்து வழக்கப்படி, மரியாதைக்காக முன்னால் 'குன்' சேர்த்து ஒரு பெயர். வேறு யாரையோ என்று வேலையைப் பார்த்தேன். மறுபடியும் கூப்பிட்டார். திரும்பினால், வாசலில் அந்தப் பெண் கைபேசியை எனக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடித்து அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நிற்கிறார். வதிவிட விசா கிடைத்துவிட்டது. அவர் கூப்பிட்டது என் சொந்தப் பெயரைத்தான் என்று அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.