பூச்சியம் என்று சொன்ன நினைவகம்

காத்தான்குடியில் கைத்தறி நடத்துகிற ராத்தா ஒருநாள் காலையில் அழைத்தார். நான் அவரிடம் சாறன் துணி, அதாவது கைலி, வாங்கப் போய்ப் பழகி, ஊர் வழக்கப்படி அக்கா என்பதற்கு ராத்தா என்றே கூப்பிடுபவள். நான் கணினிக்காரி என்பது அவருக்குத் தெரியும்.

"தங்கச்சி, கொம்பியூட்டர் நல்லா வேல செய்யிது. ஆனா சாறன் டிசைன் ஒண்டையும் காணல்ல. பெருநாள் ஓடர் எல்லாம் அதுக்குள்ளதான் இரிக்கி."

அவருடையது கத்தாரில் ஒரு கம்பனி கழித்துவிட்ட கணினி. அவரின் தம்பி அதை வாங்கி அனுப்பியிருந்தார். அதில் ஒரு விசேஷமான நினைவகம் உண்டு. மின்சாரம் போனாலும் அதில் உள்ளது அழியாது. அடிக்கடி கரண்ட் போகிற இடத்தில் அது பெரிய வசதி என்று டிசைன்களை எல்லாம் அதிலேயே வைத்திருந்தார்.

செட்டிபாளையத்திலிருந்து பஸ் ஏறிப் போனேன். நினைவகம் பழுதாகிவிட்டது என்றுதான் போகும்போது நினைத்தேன். அங்கே போய்ப் பார்த்தால், முதல்நாள் கணினி தானாகவே இயங்குதளத்தின் புதிய பதிப்புக்கு மாறியிருந்தது. பழைய பதிப்பில் திறந்து பார்த்தேன். எல்லா டிசைன்களும் அப்படியே இருந்தன. புதியதில் திறந்தேன். நினைவகமே இல்லை.

"அப்ப பழையதுலயே உடுங்களன்," என்றார் ராத்தா.

"இப்போதைக்கு விடுவம். ஆனா கொஞ்ச நாளில பழைய பதிப்புக்குத் திருத்தங்கள் வாறது நிண்டுரும், ராத்தா."

அதை அப்படியே விடாததற்கு எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. இயங்குதளத்துக்கும் நினைவகத்துக்கும் நடுவில் நின்று பேசுகிற சிறிய மென்பொருளை டிரைவர் என்போம். வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்காக வீட்டிலிருந்து நான் பார்க்கிற வேலையே இந்த வகை நினைவகத்தின் டிரைவரைப் பராமரிப்பதுதான். என் மேசையில் அதே வகை நினைவகம் பூட்டிய கணினி ஒன்று உண்டு. அதில் புதிய பதிப்பு ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே மட்டும் ஏன் இப்படி?

வீட்டுக்கு வந்து இரண்டு பதிப்புகளுக்கும் இடையில் டிரைவரில் நடந்த மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்தேன். ஒவ்வொரு பாதியையும் ராத்தாவின் கணினியில் இணையவழியாகச் சோதித்துப் பார்த்தேன். கடைசியில் நினைவகத்தை மறைய வைக்கிற ஒரே ஒரு மாற்றம் மிஞ்சியது. முன்பெல்லாம் கணினி தொடங்கும்போது கிடைக்கிற ஒரு அட்டவணையைப் பார்த்து நினைவகத்தின் அளவை டிரைவர் தெரிந்துகொள்ளும். இப்போது நினைவகத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளிடமே நேரடியாகக் கேட்கிறது: உன்னிடம் எவ்வளவு இடம் இருக்கிறது?

நல்ல மாற்றம். திரும்பத் திரும்ப வாசித்தேன். பிழை ஒன்றும் அகப்படவில்லை.

ராத்தாவின் நினைவகத்திடம் அதே கேள்வியை நானே கேட்டுப் பார்த்தேன். கேள்வி விளங்கவில்லை என்று அது சொல்லியிருந்தால் டிரைவர் பழைய அட்டவணைக்கே போயிருக்கும், விஷயம் அதோடு முடிந்திருக்கும். அது சொல்லவில்லை. விளங்கியது, எல்லாம் சரி, இடம் பூச்சியம் என்றது. உனக்கு என்னென்ன கேள்விகள் தெரியும் என்று கேட்டேன். இந்தக் கேள்வியும் தெரியும் என்றது.

பூச்சியம் வந்தால் நம்பாதே, பழைய அட்டவணைக்குப் போ என்று டிரைவரில் எழுதினேன். அதை அனுப்புமுன் என் மேசைக் கணினியில் ஓட்டினேன். அதில் உண்மையிலேயே இடம் எதுவும் ஒதுக்காத ஒரு பகுதி இருந்தது. அதுவும் பூச்சியம் என்றது. அது மெய். என் திருத்தமோ அதையும் சந்தேகித்து, அட்டவணையில் பூச்சியத்தைப் பார்த்துக் குழம்பி, டிரைவரையே நிறுத்திவிட்டது. ஒரே பதில் ஓரிடத்தில் மெய், இன்னோரிடத்தில் பொய். எழும்பி வாசலுக்குப் போய் வெயிலில் சும்மா நின்றேன். எனக்கு இந்த வேலை தெரியுமா என்றே சந்தேகமாகிவிட்டது.

பிறகு இரண்டையும் ஒப்பிடச் செய்தேன். ஃபர்ம்வேர் பூச்சியம் என்று சொல்லி, அட்டவணை இடம் இருக்கிறது என்றால் அட்டவணையை நம்பு. இரண்டும் பூச்சியம் என்றால் பூச்சியம்தான். இரண்டு கணினிகளும் சரியாக ஓடின.

டிரைவரில் எந்தத் திருத்தமும் சேருமுன் அதைப் பார்த்து ஏற்கிற பொறுப்பாளர் வேறொரு நாட்டில் இருக்கிறார். திருத்தத்தைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி அனுப்பினார். அந்த ஃபர்ம்வேர் ஏன் அப்படிச் சொல்கிறது?

நினைவகத்தைச் செய்த கம்பனியிடம் கேட்டேன். அந்தப் பழைய மாடலை இப்போது கவனிப்பதில்லை என்று பதில் வந்தது. தெரியவில்லை என்று அவருக்கு எழுதினேன். அதையே திருத்தத்தின் குறிப்பிலும் எழுதச் சொல்லிவிட்டு ஏற்றுக்கொண்டார். காரணம் தெரியவில்லை என்று எழுதி அனுப்பிய முதல் திருத்தம் அது. வேலை முடிந்த சந்தோஷம் வரவில்லை.

திருத்தத்தோடு காத்தான்குடிக்குப் போனேன். புதிய பதிப்பில் டிசைன்கள் வந்து நின்றன. ராத்தா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

"அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் இரிக்கி. என்ன நடந்த தங்கச்சி?"

"இடம் எவ்வளவு எண்டு கேட்டா, ஒண்டும் இல்ல எண்டு சொல்லுது."

"பொய் சொல்லுதா?"

"தெரியா ராத்தா. எனக்கு இன்னும் விளங்கல்ல."

"விளங்காமலா சரியாக்கின?"

"ஓம்."

அவர் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப எல்லாத்தையும் வேற ஒண்டுலயும் எடுத்து வெப்பம்," என்றார். அதுதான் புத்தி என்றேன்.

டிசைன்கள் இன்னொரு டிஸ்கில் பிரதியாகிக்கொண்டிருந்தன. பக்கத்து அறையில் தறிச் சத்தம். சும்மா இருக்க முடியாமல் அந்தக் கேள்வியை நினைவகத்திடம் இன்னொருமுறை கேட்டேன். சரியான அளவைச் சொன்னது. முழு அளவு, ஒரு இலக்கம் பிசகாமல்.

உடனே மறுபடி கேட்டேன். பூச்சியம்.

பிறகு எத்தனை தடவை கேட்டும் பூச்சியம்தான். வீட்டுக்கு வந்து பொறுப்பாளருக்கு அதை எழுதினேன். திருத்தம் இருக்கட்டும், தொடாதே என்று மட்டும் பதில் எழுதினார். நான் தொடவில்லை.