அக்காவுக்கு எழுத வைத்த பிள்ளையார்

என் நெஞ்சு எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டிவிட்டு வைத்தியர் உற்றுப் பார்த்தார். பிறகு வலப்பக்க நுரையீரலின் மேல்மூலையை விரலால் தொட்டு, "டீச்சர், இதில ஒரு நிழல் தெரியுது. முந்தி ஏதும் வருத்தம் வந்ததோ?" என்று கேட்டார்.

"ஓம். இருபத்திரண்டு வயசில காசநோய் வந்தது. மருந்து எடுத்துச் சுகமாயிற்றுது."

"அந்த நேரத்துப் படம் இருக்கோ? இருந்தா ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பாத்து, இது ஆறின தழும்பு எண்டு எழுதித் தரலாம். இல்லாட்டி எல்லாப் பரிசோதனையும் முடிய மாதக்கணக்காகும்."

நோர்வேக்கு ஒரு பயிற்சிக்காகப் புறப்பட எட்டுக் கிழமைதான் இருந்தது. மாதக்கணக்கானால் என் இடம் வேறொருவருக்குப் போய்விடும். பழைய படம் யாழ்ப்பாணத்தில், என் அக்காவிடம். அது போரால் தரைப்பாதை பூட்டிக் கிடந்த காலம். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. நானும் அக்காவும் ஆறு வருஷமாக ஒரு சொல் கதைக்கவில்லை.

அடியார்களே, வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து ஒவ்வொருவராக எழும்பித் தங்கள் அனுபவத்தைச் சொல்லும்போது நான் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருப்பேன். சபையில் பேச எனக்குக் கூச்சம். அதனால்தான் இதை எழுதித் தருகிறேன்.

என் பெயர் யோகேஸ்வரி. கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கிறேன். அந்த நாட்களில் தினமும் பஸ் ஏறி இரத்மலானைக்குப் போய், காது கேளாத பிள்ளைகளுக்குத் தமிழில் படிப்பித்தேன். அந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாகப் படிப்பிக்க நோர்வேயில் ஒரு வருஷப் பயிற்சி என்று அறிவித்தல் வந்தபோது, கிடைக்காது என்ற நம்பிக்கையில்தான் விண்ணப்பம் போட்டேன். கிடைத்துவிட்டது. நாற்பத்தாறு வயதில் மாணவி! விடுதி இல்லை, ஒரு குடும்பத்தோடுதான் தங்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள்.

புறக்கோட்டையில் இரும்புக்கடையில் வேலை செய்யும் என் கணவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "நீர் போயிற்று வாரும். சமையலை நான் பாப்பன்" என்றார். அன்றே தேங்காய்ப்பால் சொதி வைத்துப் பழகத் தொடங்கினார். முதல் மூன்று சொதியும் திரைந்து போயின. எங்கேயோ நடைபாதைக் கடையில் தடித்த கம்பளிக் காலுறை வாங்கி வந்து, "இப்பவே போட்டுப் பழகும்" என்று வெள்ளவத்தை வெயிலில் என்னை அதோடு வீட்டுக்குள் நடக்க விட்டார். உயர்தரம் படித்துக்கொண்டிருந்த மகள் அபிராமி இடியப்பத்தைத் தட்டில் வைத்து, கையில் முள்ளுக்கரண்டியைத் தந்தாள். மூன்று பேரும் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டோம்.

என்னை ஏற்கச் சம்மதித்த வீட்டுக்காரியின் பெயர் இங்கிரிட். இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய். எனக்கென்று ஒதுக்கிய அறையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். செத்தல் மிளகாய் எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்து வைத்திருப்பதாக எழுதியிருந்தார். முகம் தெரியாத அந்தப் பெண்ணில் எனக்குப் பாசம் வந்துவிட்டது.

அப்போதுதான் இந்த நிழல்.

வெளிநாட்டுப் பயண அலுவல்கள் பார்க்கும் ஒருவரிடம் என் கணவர் விசாரித்தார். அவர் தயங்காமல் சொன்னார்: "இது ஒரு பிரச்சினையே? வேற ஆளின்ர நல்ல படம் ஒண்டில டீச்சரின்ர பேரைப் போடுவம்." இவர் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் ஆசை வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் இங்கிரிட்டின் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேரும் கண்ணுக்குள் வந்தார்கள். "வேண்டாமப்பா. அந்த வீட்டுக்குள்ள பொய்யோட காலடி வைக்கேலாது" என்றேன். அன்றைக்கே இங்கிரிட்டுக்கு உள்ளதை உள்ளபடி எழுதிப் போட்டேன். அந்தக் கதவும் இனிப் பூட்டிவிடும் என்று நினைத்து அழுதேன்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு வருத்தம் வந்தபோது சொந்தக்காரர் வாசற் படலையோடு நின்று சுகம் விசாரித்துப் போவார்கள். அக்கா மட்டும் என் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தார். மாதாமாதம் சைக்கிளில் ஏற்றி மருந்துக்குக் கூட்டிப்போனார். அப்படிப்பட்ட அக்கா, அம்மா செத்தபோது பாதை பூட்டியிருந்து என்னால் போகமுடியாமல் போனதற்கு, "கொழும்புச் சொகுசை விட்டிட்டு வர உனக்கு மனமில்லை" என்று எழுதினார். நானும் விடவில்லை. திருப்பி எழுதக்கூடாததை எல்லாம் எழுதினேன். அதோடு முடிந்தது.

எட்டு நாள் காலையில் பள்ளிக்குப் போகமுதல் எங்கள் பிள்ளையாரிடம் போனேன். "அப்பனே, அந்த நிழலை அழித்துவிடு" என்றே கேட்டேன். ஒன்பதாம் நாள் மூன்றாவது சுற்று வரும்போது என்னை மீறி அழுகை வந்தது. அம்மாவுக்காக அழுகிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அம்மா செத்து ஆறு வருஷத்தில், கோபத்தில் இருந்த நான் சரியாக அழவே இல்லை. சந்நிதியில் நின்று தலையில் குட்டிக்கொண்டேன். வாயில் வந்த பிரார்த்தனை வேறாக இருந்தது: "அக்காவுக்கு எழுத எனக்குத் தைரியம் தா."

அன்று பள்ளி இடைவேளையில் எழுதினேன். நாலு பக்கம். அம்மாவைப் பற்றி எழுதினேன். மன்னிப்புக் கேட்டேன். படத்தைப் பற்றிக் கடைசி இரண்டு வரிதான். ஊருக்குத் திரும்பிய தெரிந்தவர் ஒருவர் அதைக் கப்பலில் கொண்டுபோனார்.

ஒரு கிழமை, இரண்டு கிழமை, நாலு கிழமை. பதில் இல்லை. நாங்கள் கதைக்காத அந்த ஆறு வருஷத்துக்குள் ஊரே போரில் இடம்பெயர்ந்து திரும்பியிருந்தது. எங்கள் வீட்டுக் கூரை விழுந்துவிட்டதென்றும் கேள்விப்பட்டிருந்தேன். அதற்குள் ஒரு படமாவது மிஞ்சுமா? ஆனாலும் பிள்ளையாரிடம் போவதை நிறுத்தவில்லை. மனம் முன்னைவிட இலேசாக இருந்தது. அதை எப்படி விளங்கப்படுத்துவதென்று எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் கிழமை இங்கிரிட்டின் கடிதம் வந்தது. தன் தகப்பனுக்கும் அதே வருத்தம் இருந்ததாம். "உண்மையைச் சொன்னதற்கு நன்றி. வைத்தியர் எப்போது சம்மதிக்கிறாரோ அப்போது வாருங்கள். அறை உங்களுடையது" என்று எழுதியிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை காலை. இவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது அக்கா! மெலிந்து, தலை நரைத்து, இரண்டு மட்டைகளுக்கு நடுவில் கட்டிய ஏதோ ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"எடி யோகா, ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? இதை வாங்கு. திருகோணமலையில கப்பலால இறங்கினதில இருந்து மடியில வச்சுக்கொண்டு வாறன்."

வாங்கவில்லை. கட்டிப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் வாசலிலேயே அழுதோம்.

தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டேன். "அக்கா, வீடு விழுந்தும் இது எப்படித் தப்பினது?"

"இடம்பெயரேக்க கொண்டுபோனனான்."

"என்னோட கோவமா இருந்தனீங்கள் எல்லோ?"

"கோவந்தான். அதுக்காக? நீ பிழைச்சதுக்கு அத்தாட்சி இது ஒண்டுதானே. விட்டிட்டுப் போக மனம் வரேல்லை."

பிறகு அக்காவே சிரித்தபடி சொன்னார். "வழியில ஒரு ஆமிக்காரப் பெடியன் மட்டையை அவிழ்த்து, படத்தை வெயிலுக்குப் பிடிச்சுப் பாத்தவன். 'மே கவுத?' எண்டு கேட்டான். 'மகே நங்கி' எண்டன். ரெண்டு கையாலையும் திருப்பித் தந்தவன்." யார் இது என்று அவன் கேட்டிருக்கிறான். என் தங்கச்சி என்று அக்கா சொல்லியிருக்கிறார். அக்காவுக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான்.

திங்கட்கிழமை வைத்தியர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். "அதே இடம், அதே அளவு. ஆறின தழும்புதான்" என்றார். சளிப் பரிசோதனையும் சுத்தம். கையெழுத்து வைத்தார். நான் புறப்பட ஒன்பது நாள் இருந்தது.

வடக்கிலிருந்து வருபவர்கள் பதிய வேண்டும் என்பதால் அக்காவைப் பொலிஸில் பதிந்து எங்களோடேயே இருக்கச் செய்தோம். அவர் வந்ததும் இவருடைய சொதிக்கும் விமோசனம் கிடைத்தது. அபிராமி பெரியம்மாவின் பக்கத்திலேயே படுத்தாள். அவர்களை விட்டுப் போகிறேனே என்ற என் பெரிய கவலை நான் கேட்காமலே தீர்ந்தது. நோர்வேயில் இங்கிரிட் என்னைக் கூடப்பிறந்தவள் போலப் பார்த்தார். யன்னல் ஓரம் நான் வைத்த பிள்ளையார் படத்துக்கு அவருடைய பிள்ளைகள் தினமும் ஒரு பிஸ்கட் வைத்தார்கள். ஒரு வருஷம் முடித்துத் திரும்பி வந்து அதே பள்ளியில்தான் இன்றும் படிப்பிக்கிறேன்.

நிழலை அழிக்கச் சொல்லிப் பிள்ளையாரிடம் கேட்டேன். அவர் அழிக்கவில்லை. அது இன்னமும் என் நெஞ்சில் இருக்கிறது. நான் கேட்கத் தெரியாத ஒன்றை, என் அக்காவை, கடல் கடந்து என் வாசலுக்குக் கொண்டுவந்து இறக்கினார்.

உங்களில் யாருக்காவது இப்படி எழுதாமல் வைத்திருக்கும் கடிதம் ஒன்று இருக்கும். வெட்கப்படாமல் பிள்ளையார் முன்னால் போய் நில்லுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். பிறகு வீட்டுக்குப் போய் எழுதுங்கள். கொண்டுபோய்ச் சேர்ப்பதை அவர் பார்த்துக்கொள்வார்.