வூடா, சட்டையா

ஆலங்காயம் சந்தையில் ஒரு அம்மா தகர டப்பாவில் வயல் நண்டு விற்றுக்கொண்டிருந்தார். பக்கத்துக் கூடையில் நத்தை. நண்டுக்கால்கள் தகரத்தைக் கீறிய சத்தத்தில் எனக்கு மலையில் இருந்த எங்கள் அடுப்படி ஞாபகம் வந்துவிட்டது.

ஏழு வயதில் எனக்கு விடாத காய்ச்சல். "புள்ள எழுந்துட்டா, ஓட்டுக்குள்ள இருக்கறத இனிமே வாயில வெக்க மாட்டேன்" என்று அம்மா வேண்டிக்கொண்டாள். நான் எழுந்துவிட்டேன். முதல் மழைக்கு அப்பா ஓடையில் நண்டு பிடித்து வந்தார். நண்டு என்றால் அம்மாவுக்கு உயிர். மிளகு தட்டிப் போட்டுக் குழம்பு வைத்து எங்களுக்கு ஊற்றிவிட்டு, வெறும் களியை உப்போடு விழுங்கினாள்.

"நத்தைய நெனச்சு தான வேண்டுன?" என்றார் அப்பா.

"ஓடுன்னு தான் சொன்னேன். இதுக்கும் இருக்குதே."

மறுநாள் ஓடைக் கல்லடியில் ஒரு முழு நண்டு ஓடு கிடைத்தது. கால், கொடுக்கு எல்லாம் இருந்தன, உள்ளே ஒன்றுமில்லை. அதை உரித்துப் போட்ட நண்டு பக்கத்திலேயே மெத்தென்று உட்கார்ந்திருந்தது. ஓட்டை அம்மாவிடம் காட்டினேன்.

"பாம்பு மாதிரி சட்டை உரிச்சிருக்குதும்மா."

அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நத்தை இப்டி கழட்டாதா?"

"சாவற வரைக்கும் அதுலயே தான் கெடக்கும்" என்றார் அப்பா.

"அப்ப நத்தைக்கு அது வூடு. இதுக்கு வெறும் சட்டை." சொல்லிவிட்டு நேற்றைய குழம்புச் சட்டியை இழுத்துவைத்து உட்கார்ந்தாள்.

சந்தையிலிருந்தே அம்மாவுக்கு போன் போட்டேன். "ரெண்டும் இருக்குது. வூடு வாங்கட்டுமா, சட்டை வாங்கட்டுமா?"

"சட்டையே வாங்கினு வா. வூட்டத் தொட்டுட்டு, உனக்குக் காய்ச்சல் வந்தா யாரு பாக்கறது?"

எனக்கு நாற்பத்தாறு வயது.