ஷட்டருக்கு வெளியே நின்ற பெரியவன்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்திய அவரை ஊரே 'ப்ரேக்கக்கா' என்றுதான் கூப்பிட்டது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவர் அதிகம் சொன்ன சொல் 'ப்ரேக்'. "அக்கா கல்யாணத்துக்கும் ப்ரேக் போட்டுட்டாங்க" என்று பழக வருபவர்கள் கேலி செய்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். ஒரு நர்ஸோடு பல வருடங்களாக ஒரே வீட்டில் குடித்தனம். அக்கம்பக்கத்தாருக்கு நர்ஸ் அவருடைய சித்தி மகள்.

ஒரு நாள் நர்ஸின் வார்டுக்கு ஒரு கல்லூரி மாணவியைக் கொண்டுவந்தார்கள். இன்னொரு பெண்ணை நேசித்தாள் என்று அப்பா கையை முறித்திருந்தார். அம்மாவோ, "இதுக்கு எத்தனை ஊசி போடணும் சிஸ்டர்?" என்று கேட்டாராம். அதைக் கேட்டதும், இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்களுக்காக ஒரு கூட்டம் போட வேண்டும் என்று ப்ரேக்கக்கா முடிவு செய்தார்.

"ஓணானை எடுத்து மடியில விட்டுக்காத. நம்ம கதையும் வெளிய வரும்" என்றார் நர்ஸ்.

"எனக்கும் பயம்தான். கூட்டத்துல நீ பேசுறியா, இல்லையா?"

முதலில் ஒரு மண்டபம் கிடைத்தது. யாரோ மிரட்டியதும் மேனேஜர், "எனக்கும் புள்ளகுட்டி இருக்கு மேடம்" என்று கைவிரித்துவிட்டார். அடுத்த மிரட்டல் போனில் ப்ரேக்கக்காவுக்கே வந்தது. அவருடைய கார் நம்பரை ஒரு குரல் நிதானமாகப் படித்துக் காட்டிவிட்டு வைத்துவிட்டது. அதன்பின் தெருவில் பைக் நின்றாலே அவர் ஜன்னலை மூடினார்.

கூட்டத்தைத் தன் பள்ளியின் வகுப்பறைக்கே மாற்றினார். ஞாயிறு மதியம் முன்ஷட்டரை இறக்கிவிட்டு, வந்தவர்களைப் பின்வாசல் வழியாக ஒவ்வொருவராக உள்ளே விட்டார். பெரும்பாலும் அம்மாக்கள். சாலைக்குறிகள் ஒட்டிய சுவருக்கு முன்னால் நின்று, "இது வியாதி இல்லம்மா. அதனால மருந்தும் இல்ல" என்று நர்ஸ் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் பைக்குகள் வந்து நின்றன. ஷட்டரில் இரும்புக்கம்பி விழுந்தது.

"வெளிய வாங்கடி! குடும்பத்தைக் கெடுக்கவா கூட்டம் போடுறீங்க?"

சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்ட ஓர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "அது என் பெரியவன். நான் சின்னவனுக்காக வந்தேன். தெரிஞ்சா சின்னவனைக் கொன்னே போட்டுடுவான்."

போலீஸுக்குப் போன் போட்டதற்கு, "கூட்டத்தைக் கலைங்க, பிரச்சினை தானா கலையும்" என்று பதில் வந்தது.

மற்ற அம்மாக்கள் அடுத்த வீட்டு முற்றம் வழியாகத் தப்பிவிட்டார்கள். ஸ்வெட்டர் அம்மாவுக்குக் கால் எழவில்லை. அவரைப் பின்சந்தில் நின்ற காரில், பின்சீட்டின் காலடியில் படுக்கவைத்து, கார் கவரை மேலே போட்டு மூடினார்கள். ப்ரேக்கக்கா காரை எடுத்தார். சந்து முன்தெருவில்தான் முடிந்தது. திரும்பியதும் பெரியவன் பானெட்டில் கை வைத்தான். ப்ரேக்கக்கா காரை நிறுத்தினார்.

அவன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். "பின்னாடி என்ன?"

"கார் கவர்."

"எடுத்துக் காட்டு."

ப்ரேக்கக்கா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. அப்போது கடகடவென்று ஷட்டர் உயர்ந்தது. காலி வகுப்பறையின் முன்னால் நர்ஸ் தனியாக நின்றார்.

"கூட்டம் முடிஞ்சிருச்சு. உங்களுக்கும் கேக்கணும்னா உள்ள வந்து உக்காருங்க, சொல்றேன்."

எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். பெரியவனும் ஓடினான். ப்ரேக்கக்கா ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். யாரை விட்டுவிட்டுப் போகிறோம் என்பது தெரிந்தேதான் மிதித்தார்.

அவர் திரும்பி வந்தபோது நர்ஸ் புருவத்தில் துணியை அழுத்தியபடி படியில் உட்கார்ந்திருந்தார். கல் பட்டிருந்தது. "இன்னும் கொஞ்சம் கீழ பட்டிருந்தா கண்ணு போயிருக்கும்" என்றார். சொந்த மருத்துவமனையிலேயே 'மாடிப்படியில் விழுந்துவிட்டேன்' என்று சொல்லித் தையல் போட்டுக்கொண்டார்.

கட்டட உரிமையாளர் இடத்தைக் காலிசெய்யச் சொன்னார். கற்றுக்கொள்ள வந்தவர்களில் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். சின்னவன் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தான். கூட்டங்கள் இப்போது வீடு மாற்றி வீடு நடக்கின்றன. ஸ்வெட்டர் அம்மா தவறாமல் வருகிறார், ஆனால் கதவுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டார். ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன் ப்ரேக்கக்கா தெருவில் பைக் ஏதும் நிற்கிறதா என்று ஜன்னல் வழியாகத் தேடுவார். முகத்தைக் கழுவிக்கொண்டு, நர்ஸ் தயாராகிவிட்டாரா என்று பார்ப்பார்.