அம்மாவுக்கு நான் வைத்த டெஸ்ட்

ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: சாயங்காலம் ஐந்தரைக்கு வாடகை சைக்கிள். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் எதிர்வீட்டுப் பெண் தினமும் அரை மணி நேரத்துக்கு ஒன்று எடுப்பாள். கால் மணி அவள் ஓட்டுவாள், கால் மணி நான். நான் வரத் தாமதித்தால் என் பங்கையும் சேர்த்து அவளே ஓட்டிவிடுவாள், அதில் ரொம்பக் கறார். அந்த ஐந்தரைக்குக் குறுக்கே வந்து நின்றது என் அம்மாவின் இங்கிலீஷ்.

அம்மா பத்தாவதில் இங்கிலீஷையும் கணக்கையும் கோட்டை விட்டவள். அந்தச் சூட்டோடு கல்யாணம், அப்புறம் நான். பன்னிரண்டு வருஷம் கழித்துப் பக்கத்துத் தெரு நர்சரிப் பள்ளியில் ஆபீஸ் வேலைக்கு ஆள் தேடினார்கள். பத்தாவது பாஸ் பண்ணிவிட்டு வா, ரிசல்ட் வரும்வரை இடத்தை வைத்திருக்கிறேன் என்று தலைமை டீச்சர் சொல்லிவிட்டார். அம்மா மறுநாளே தனித்தேர்வு விண்ணப்பம் வாங்கி வந்தாள். லேத் பட்டறையிலிருந்து களைத்து வந்த அப்பா, "இந்த வயசுல உனக்கு ஏன் இந்த பேஜாரு" என்றார். அம்மா சுவரில் ஒரு தாளை ஒட்டினாள். ஐந்திலிருந்து ஐந்தரை இங்கிலீஷ், ஐந்தரையிலிருந்து ஆறரை கணக்கு. மற்ற நேரமெல்லாம் வீட்டு வேலைதான், அதை எழுதக்கூட இல்லை.

என் கிராமர் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் மூன்று பத்தியாக வினைச்சொற்கள் இருந்தன. இறந்தகாலத்துக்கு ஒழுங்காக ஒரு 'எட்' ஒட்டிக்கொண்டு வரும் சொற்களோடு அம்மாவுக்குச் சண்டையில்லை. இஷ்டத்துக்கு மாறுகிறவைதான் அவளைப் படுத்தின. கோ எதற்காக வென்ட் ஆக வேண்டும் என்று என்னைக் கேட்பாள். வகுப்பில் கோரஸாகக் கத்திக் கத்தி எனக்கு எல்லாம் மனப்பாடம், எதற்காக என்று நான் எங்கே கண்டேன். கட், புட், ஷட் மூன்றும்தான் அவளுக்குச் செல்லம். "இதுங்கதான் தங்கமான பசங்க. எப்பக் கூப்ட்டாலும் ஒரே மூஞ்சி" என்பாள்.

நான் சமையலறை வாசலில் புத்தகத்தோடு நின்று கேட்பேன். அவள் அரிசி களைந்துகொண்டே சொல்வாள். ஒன்று தப்பினாலும் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும் என்பது அவளே போட்ட சட்டம். வெளியே சைக்கிள் மணி அடிக்கும். எனக்குக் கால் நிலைகொள்ளாது, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்பேன். அம்மா முப்பத்தோராவது சொல்லில் தடுக்கி விழுவாள். எனக்கு அழுகையே வந்துவிடும்.

ஒருநாள் "பிரிங்" என்றேன். சிங் சாங் ஆகிற தைரியத்தில் "பிராங்" என்றாள். பிராட் என்று நான் திருத்தியிருக்க வேண்டும். "கரெக்ட்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அடுத்து டீச்சுக்கு "டீச்ட்" என்றாள். அதுவும் கரெக்ட். அறுபது சொற்களும் இருபது நிமிஷத்தில் முடிந்தன. "எல்லாம் வந்துடுச்சா" என்று ஆச்சரியமாகக் கேட்டாள். நான் அதற்குள் தெருவில் இருந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் அதே கதைதான். எதைச் சொன்னாலும் கரெக்ட். அம்மாவும் முதலிலிருந்து கேட்கச் சொல்வதை விட்டுவிட்டாள். "போ, அவ காத்துகினு இருக்கா" என்று அவளே என்னை அனுப்பிவைத்தாள். நான் ரயில்வே கேட் வரை போய்வந்தேன், கையை விட்டுக்கூட ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

குரோம்பேட்டையில் பரீட்சை எழுதிவிட்டு வந்து, இங்கிலீஷ் பரவாயில்லை என்றாள் அம்மா. அந்த நிமிஷம்தான் நான் சொன்ன கரெக்ட்டெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. பிராங் என்று எழுதியிருப்பாளோ? பேப்பர் திருத்துகிறவர் சிரிப்பாரோ? அம்மாவுக்கு வேலை போய்விட்டால் அது என்னால்தானே? ரிசல்ட் வரும்வரை சோறு இறங்கவில்லை. சைக்கிளில் ஏறினாலும் பத்தடியில் இறங்கிவிடுவேன். வீட்டுக்குள் போனால் வெளியே ஓடத் தோன்றும், வெளியே வந்தால் அம்மாவிடம் சொல்லிவிடத் தோன்றும். சொல்லவில்லை.

ரிசல்ட் அன்று அம்மா மதிப்பெண் தாளோடு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிடுங்கிப் பார்த்தேன். இங்கிலீஷ் ஐம்பத்திரண்டு. கணக்கு இருபத்தொன்பது. பாஸாக முப்பத்தைந்து வேண்டும். என் கண் இங்கிலீஷைத் தாண்டவில்லை. குதித்தேன். குதித்த வேகத்தில் உண்மையும் வெளியே வந்துவிட்டது.

"நீ தப்பாச் சொன்னதுக்கெல்லாம் நான் கரெக்ட்டுனு சொல்லிட்டேம்மா. அப்பவும் நீ பாஸ்."

"தெரியும்டி," என்றாள் அம்மா. "மறுநாளே தெரிஞ்சுபோச்சு. நீ போனப்புறம் புஸ்தகத்த வெச்சுகினு மொதல்லேர்ந்து நானே பாத்துப்பேன். முடிக்கறதுக்குள்ள ஆறரை ஆயிடும்."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. இத்தனை நாள் நான் பட்ட பாடெல்லாம் வீண் என்று அவள்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது. விளையாடப் போகட்டுமா என்று கேட்டேன். போ என்று தலையசைத்தாள்.

அடுத்த வாரம் நர்சரி ஆபீஸில் வேறு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். சுவரில் ஒட்டிய தாளின்படி ஐந்தரையிலிருந்து ஆறரை வரை அம்மா என்ன படித்திருக்க வேண்டும் என்று நான் கூட்டிப் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா இங்கிலீஷில் பாஸ் என்பதுதான். அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினேன்.