நூறடிக் கயிறும் ஐந்து ஏவல்களும்

கயிற்றில் தொங்கும் சுமைக்குக் கண் கிடையாது, காது மட்டுமே உண்டு என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் முருகேசன் மேஸ்திரி.

கணக்கெடுப்புக்கும் தேர்தலுக்கும் கோடை விடுமுறைகளைத் தாரைவார்த்த ஆசிரியப் பெருமக்களே, என் நிலை உங்களுக்குப் புரியும். எண்பதுகளில் ஐதராபாத்தில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் குடியிருப்புப் பள்ளியில் நான் தமிழாசிரியை. நிறுவனமோ கொண்டாப்பூர்ப் பாறைக்குன்றுகளின்மேல் மின்கோபுரங்களை நிறுவிக்கொண்டிருந்தது. லாரி ஏறாத இடம். ஆகவே இரண்டு எஞ்சின் கொண்ட சிறிய ஹெலிகாப்டர் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, அதன் வயிற்றிலிருந்து நூறடிக் கயிற்றைத் தொங்கவிட்டு, கயிற்றின் நுனிக் கொக்கியில் சுமையை மாட்டி மேலே சேர்த்தார்கள். விமானி ஒரு பொத்தானை அழுத்தினால் கொக்கி திறந்துவிடும். கதவோரம் தலையை நீட்டி அவர் கீழே பார்ப்பார் என்றாலும், சுமை பாறையைத் தொட எத்தனை அடி மிச்சம் என்பதைக் கீழே நிற்பவர்தான் வாக்கி-டாக்கியில் சொல்ல வேண்டும். அந்தக் குன்றில் எனக்கென்ன வேலை என்கிறீர்களா? எல்லாம் ஒரு மூட்டை அரிசியால் வந்தது.

அரிசி மழை

முருகேசன் மேட்டூர்க்காரர். தம் ஆட்கள் மூவரோடு குன்றின்மேல் கூடாரமடித்துத் தங்கியிருந்தார். விமானி கேப்டன் சந்தானம் செகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். தமிழைக் காதால் அறிவார். வாயைத் திறந்தால் மூன்று மொழிகள் முட்டிக்கொண்டு வரும். வெள்ளோட்டத்துக்குரிய மணல் மூட்டை வந்து சேராததால், எப்படியும் மேலே போக வேண்டியதுதானே என்று தங்கள் அரிசி மூட்டையையே வலையில் வைத்து மாட்டினார் முருகேசன். மூட்டை பாதி உயரத்தில் தொங்கும்போது கேப்டன், "சாரி மேஸ்திரி, லேட் பண்ணிட்டேன்" என்றிருக்கிறார். பண்புள்ள முருகேசன், "அட, அதை விடுங்க சார்!" என்றிருக்கிறார். கேப்டன் உடனே விட்டுவிட்டார்.

பொறியாளர் ராவ் கொதித்துப்போனார். சிந்திய அரிசிக்கு நிறுவனம் பொறுப்பல்ல. இன்னொரு பிழை நேர்ந்தால் நால்வரும் மேட்டூருக்குப் பேருந்து ஏற வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். மேட்டூரில் நான்கு வீட்டு அடுப்புகள் இந்த வேலையை நம்பி எரிந்துகொண்டிருந்தன. ரேடியோவில் இனி ஆங்கிலம் மட்டும் என்றார் ராவ்; அவர்களுக்கோ அது வராது. சொற்களைச் செப்பனிட ஒருவரை அனுப்புங்கள் என்று பள்ளியிடம் கடைசி வாய்ப்பாகக் கேட்டார்கள். தலைமையாசிரியர் என்னை அனுப்பினார். நடந்ததை எனக்கு விவரித்து முடித்த முருகேசன் சொன்னார்: "இந்த வருசம் எங்க ஊர்ல மழைதானுங்க பொய்ச்சுது டீச்சரம்மா, இங்க அரிசி நல்லாவே பெஞ்சுது."

தாழ்

பேச்சுத்தமிழுக்கு நான் பகையல்ல. ஆனால் ஹெலிகாப்டர் இரைச்சலில் 'இறக்கு' என்பதும் 'இறுக்கு' என்பதும் ஒன்றுபோலவே கேட்டன. ஜெனரேட்டரை ஓடவிட்டு, நால்வரையும் எட்ட நிற்கவைத்து, சொற்களை ஒவ்வொன்றாகக் கத்திப் பார்த்தேன். பிழைத்துத் தேறியவை ஐந்து ஏவல்கள்: உயர், தாழ், நில், விலகு, கழற்று. எதையும் இருமுறை சொல்ல வேண்டும். 'விடு' என்ற சொல்லைக் குன்றிலிருந்தே நாடு கடத்தினேன். "சாமிக்குப் பாடற பாட்டாட்டம் இருக்குதுங்க" என்றார்கள். இருக்கட்டும் என்றேன்.

கேட்ட சொல்லை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதும் என் விதி. வகுப்பறையில் நாம் வேறென்ன செய்கிறோம்? நான் "தாழ்" என்றேன்; கேப்டன் "தால்" என்றார். நாக்கை மடித்துக் காட்டினேன். மறுபடியும் "தால்". ழகரம் வராத வாய்க்குச் சுமை இறங்காது என்று நானும் பிடிவாதமாக நின்றேன். இந்தியில் பருப்புக்குத் 'தால்' என்று பெயர் என்பதை ஐதராபாத் கடைகளில் அதற்குள் கற்றிருந்த முருகேசன் தம் ஆட்கள் பக்கம் திரும்பினார்: "அரிசியத்தான் கொட்டுனாரு, இப்பப் பருப்பு வேற கேக்கறாருடா!"

ஹவ்

சொற்களை வகுத்தவரே சொல்லட்டும் என்று வாக்கி-டாக்கியை ராவ் என் கையிலேயே கொடுத்துவிட்டார். முதல் நாள் சிமென்ட் மூட்டைகள் வந்தன. "தாழ், தாழ்" என்றேன். மேலிருந்து "ஹவ்" என்று பதில் வந்தது. எப்படி என்று ஆங்கிலத்தில் கேட்கிறார் போலும் என்றெண்ணி, "மெதுவாக!" என்றேன். மீண்டும் "ஹவ்". "நேராக!" என்றேன். மீண்டும் "ஹவ்". இத்தனை ஆண்டுகள் ஹெலிகாப்டர் ஓட்டியவருக்கு இறங்கும் முறையை நான் விளக்க வேண்டுமா என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது.

இந்த ஊரில் 'ஹவ்' என்றால் 'ஆமாம்', 'நக்கோ' என்றால் 'வேண்டாம்' என்பதை ராவ்தான் சிரித்துக்கொண்டே விளக்கினார். தாமே சிரித்துவிட்டதால், இதை அந்த 'இன்னொரு பிழை'யாக அவர் கணக்கில் சேர்க்கவில்லை. நான் தமிழகத்திலிருந்து வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. இருந்தாலும் சட்டம் சட்டமே. ஐந்து சொற்களைத் திருப்பிச் சொல்வதன்றி வேறு பதில் கூடாது என்று மாலையில் அறிவித்தேன். கேப்டன் பெருமூச்செறிந்தார்: "அப்போ இனிமே ஹவ்வும் நக்கோவா, டீச்சர்?"

விலகு

இரண்டு எஞ்சின் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "ஒண்ணு நின்னா இன்னொண்ணு என்னை வீட்டுக்குக் கொண்டுபோகும். சுமையைக் கொண்டுபோகாது" என்றார் கேப்டன். அந்த வாக்கியம் எனக்கு மறக்கவில்லை.

கோபுரத்துக்குரிய இரும்புக்கட்டு இரண்டு ஆள் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாங்கிப் பிடிக்க நால்வரும் அடியில் நின்றார்கள். அப்போது மேலே இரைச்சலின் சுருதி சட்டென்று இறங்கியது. "டீச்சர், ஒரு எஞ்சின் போச்சு!" என்றது வாக்கி-டாக்கி. சுமையைக் கழற்றினால்தான் ஹெலிகாப்டர் பிழைக்கும். கழற்றினால் அது விழுவது நால்வரின் தலையில். பொத்தான் கேப்டனிடம் இருந்தது. அவர் அழுத்தவில்லை, என் சொல்லுக்குக் காத்திருந்தார்.

"விலகு! விலகு!" என்றேன். கடைசி பெஞ்சுவரை எட்டிப் பழகிய குரல், வாக்கி-டாக்கி இல்லாமலே எட்டியது. ஏன் என்று எவரும் கேட்கவில்லை. நால்வரும் பாறைகளுக்குப் பின்னால் பாய்ந்தார்கள். "கழற்று, கழற்று" என்றேன். "கழற்று" என்று மேலிருந்து பதில் வந்தது, அன்று மட்டும் அப்பழுக்கற்ற ழகரத்தோடு. இரும்பு வெறும்பாறையில் இடியென விழுந்தது. பாரம் நீங்கிய ஹெலிகாப்டர் துள்ளி எழுந்து, மிச்சமிருந்த ஒற்றை எஞ்சினோடு அடிவாரச் சமவெளிக்குப் போய் இறங்கியது.

ராவ் மூச்சிரைக்கக் குன்றேறி வந்தார். நால்வரையும் தோளில் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஆங்கிலம்தான் வேண்டும் என்று தொடங்கிய மனிதர், அந்தத் தமிழே இருக்கட்டும் என்பதைத் தம் தாய்மொழியான தெலுங்கில் சொன்னார்: "மேடம், ஆ தமிழே உண்டனிவ்வண்டி."

தோள்

அந்த வாரக் கடைசியில் ராவின் ஜீப் அடிவாரத்தில் வந்து நின்றது. பின்னிருக்கையில், சிந்தியதற்கு ஈடாக ஒரு மூட்டை அரிசி. நான் தராசு வருவித்து நிறுத்துப் பார்த்த பிறகே இறக்க அனுமதித்தேன். எஞ்சின் பழுது நீங்கி வந்திருந்த கேப்டன், "வலையில் போடுங்க, நானே மேலே கொண்டுவந்து குடுக்கறேன்" என்றார். முருகேசன் துண்டைச் சுருட்டித் தோளில் வைத்துக் குனிந்தார்: "வேண்டாங்க சார், நாங்களே சுமந்துக்கறோம், தோளுக்குத் தமிழ் தெரியாதுங்க."

ஒரு வினைச்சொல்லைப் பிழைபட ஆண்டால் என்ன விலை என்று கேட்பவர்களுக்கு, எடை பிசகாமல் இன்றும் நான் சொல்லும் விடை: எழுபத்தைந்து கிலோ புழுங்கலரிசி, சாக்கு உட்பட.